எக்ஸ்ரேயில் தெரியாத விரல்

எலும்பு முறியவில்லை என்றார்கள். எனக்கும் அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் என் இடது கை வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. மோதிரவிரலின் மூன்று எலும்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக நின்றன. “சுளுக்குதான். ஐஸ் வையுங்க, ரெண்டு வாரத்துல சரியாயிடும்” என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலண்டரில் இரண்டு வாரத்தை எண்ணிக் குறித்துக்கொண்டேன். இப்போது 11 மாதம் ஆகிறது. விரல் இன்னும் முழுசாக நீளவில்லை.

வாலிபால் ஆடும்போது பட்ட அடி அது. வலைக்கு மேலே கையை நீட்டித் தடுக்கப் போனேன். பந்து உள்ளங்கையில் படாமல் மோதிரவிரலின் நுனியில் மோதி, விரலைப் பின்பக்கமாக வளைத்துவிட்டுப் போனது. டப்பென்று ஒரு சத்தம் கேட்ட ஞாபகம். நிஜமாகவே கேட்டதா, கதை சொல்லிச் சொல்லி நானே சேர்த்துக்கொண்டேனா, தெரியாது. கூட ஆடிய ஒருவர், “காட்டுங்க, இழுத்துவிட்டா சரியாயிடும்” என்று விரலைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். நானும் காட்டினேன். இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள், யாரையும் செய்யவும் விடாதீர்கள். எலும்பு விண்டிருந்தாலோ, கிழிந்த ஜவ்வு மூட்டுக்கு நடுவில் சிக்கியிருந்தாலோ, இழுப்பதால் காரியம் கெடத்தான் செய்யும்.

ஆறு வாரம் கழித்தும் நடுக்கணு மூங்கில் கணுபோலப் புடைத்துக்கொண்டு, பாதி மடங்கிய நிலையிலேயே நின்றது. இரண்டாவதாகப் போன டாக்டர் எக்ஸ்ரேயைக் கடைசியில்தான் பார்த்தார். முதலில் விரலைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தார், பிறகு மேலும் கீழும். கட்டைவிரலால் கணுவைச் சுற்றி ஒவ்வொரு இடமாக அழுத்தி, “இங்க வலிக்குதா? இங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். உள்ளங்கைப் பக்கம் ஓர் இடத்தில் அழுத்தியதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். “இது எக்ஸ்ரேல வராது. எக்ஸ்ரேல உங்க எலும்புதான் இருக்கு, விரல் இல்ல” என்றார்.

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் இல்லை. விரல் நீளாமல் போனதால் விரலைப் பற்றிப் படித்தவன், அவ்வளவுதான்.

எலும்புக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு கையில் 27 எலும்புகள். மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. கட்டைவிரலுக்கு இரண்டு, மற்ற நான்குக்கும் மூன்று மூன்று. உடம்பின் 206 எலும்புகளில் 54 இரண்டு கைகளிலேயே இருக்கின்றன, அதாவது கால் பங்குக்கும் மேலே. கட்டைவிரலைத் தவிர ஒவ்வொரு விரலுக்கும் மூன்று மூட்டு: முஷ்டி பிடித்தால் மேடாக எழும்பும் அடிக்கணு, அடுத்து நடுக்கணு, நகத்துக்குச் சற்றுக் கீழே நுனிக்கணு. டாக்டர்கள் எம்சிபி, பிஐபி, டிஐபி என்பார்கள். நான் கணு என்றே எழுதுகிறேன்.

அடிக்கணு எங்கே இருக்கிறது என்பதில் எனக்கு 40 வருடமாகத் தப்பான எண்ணம் இருந்திருக்கிறது. உங்கள் கையைத் திருப்பி உள்ளங்கைப் பக்கம் பாருங்கள். விரல் எங்கே ஆரம்பிக்கிறது? அடியில் ஒரு ரேகை இருக்கிறதே, அங்கே. அதுதான் மூட்டு என்று நினைப்போம். இப்போது அந்த ரேகையில் இன்னொரு கையின் கட்டைவிரலையும், அதற்கு நேர் பின்னால் புறங்கைப் பக்கம் ஆள்காட்டி விரலையும் வைத்துப் பிடியுங்கள். பின்னால் இருக்கும் விரல், கணு மேட்டைத் தாண்டி எலும்பின் நடுப்பகுதியில் நிற்கும். அடிக்கணு உண்மையில் உள்ளங்கைக்குள், அந்த ரேகைக்கு இரண்டு சென்டிமீட்டர் போலக் கீழே இருக்கிறது. விரலின் முதல் எலும்பில் பாதி உள்ளங்கைச் சதைக்குள் ஒளிந்திருக்கிறது. புறங்கையிலிருந்து பார்த்தால் விரல் நீளமாகவும் உள்ளங்கையிலிருந்து பார்த்தால் குட்டையாகவும் தெரிவது இதனால்தான். ஒரே விரலுக்கு இரண்டு நீளம்.

மேலே போவதற்கு முன்னால் வார்த்தைச் சிக்கல் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விரலை விறைப்பாக விரித்தால் புறங்கையில் கயிறு கயிறாக எழும்புகிறதே, அதை நாம் நரம்பு என்போம். பச்சையாக ஓடுவதையும் நரம்பு என்போம். வீணையில் கட்டியிருப்பதும் நரம்புதான். கயிறுபோல எழும்புவது தசைநாண், பச்சையாக ஓடுவது சிரை. நிஜ நரம்பு விரலின் இரண்டு ஓரங்களிலும் உள்ளே ஓடுகிறது, வெளியே தெரியாது. அதேபோல மூட்டுக்குள் எது கிழிந்தாலும் நமக்கு ‘ஜவ்வு கிழிந்தது’தான். இழுப்பதெல்லாம் நரம்பு, பிடித்துவைப்பதெல்லாம் ஜவ்வு. குறை சொல்லவில்லை, பேச்சுக்கு இது போதும். ஆனால் எனக்குக் கிழிந்தது எந்த ஜவ்வு என்று புரிந்துகொள்ள இரண்டையாவது பிரிக்க வேண்டியிருந்தது. தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது இணைநார்.

சரி, இணைநார் என்ன செய்கிறது என்பதைக் கத்தி இல்லாமலே பார்க்கலாம். விரல்களை நேராக நீட்டி விசிறிபோல விரியுங்கள். நன்றாக விரிகின்றன. இப்போது விரல்களை நேராகவே வைத்துக்கொண்டு அடிக்கணுவில் மட்டும் மடக்குங்கள், ‘ட’ எழுத்துபோல. இந்த நிலையில் விரிக்கப் பாருங்கள். விரியாது. எவ்வளவு முயன்றாலும் கொஞ்சம்தான். இரண்டு நொடிக்கு முன் விரிந்த அதே மூட்டு இது.

காரணம் எலும்பின் வடிவத்தில் இருக்கிறது. அடிக்கணுவில் உள்ளங்கை எலும்பின் தலை முழு உருண்டை கிடையாது. உள்ளங்கைப் பக்கம் துருத்திக்கொண்டு, அகன்றும் இருக்கும். மூட்டின் இரு பக்கமும் ஓடும் இணைநார்கள் அந்தத் தலையின் பக்கவாட்டில், சற்றுப் பின்பக்கமாகத் தள்ளி முளைத்து, விரல் எலும்பின் அடியில் போய்ச் சேர்கின்றன. விரல் நீண்டிருக்கும்போது அவை தொய்வாக இருக்கின்றன, அதனால் விரல் பக்கவாட்டில் ஆடுகிறது. மடக்கும்போது, விரல் எலும்பு அந்தத் துருத்தலின்மேல் ஏறிப் போவதால் நார்கள் முறுக்கேறிவிடுகின்றன. முஷ்டி பிடித்தால் விரல்கள் அசையாமல் கட்டுண்டு நிற்பது தசையின் பலத்தால் மட்டுமல்ல. விறைத்துப்போன இந்த நார்களாலும்தான்.

இது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. கைக்குக் கட்டுப் போடும்போது எந்த நிலையில் வைத்துக் கட்டுவது என்பது இதை வைத்துத்தான் முடிவாகிறது. அசையாமல் வைத்த நார் சுருங்கும். தொய்வான நிலையில் வைத்துச் சுருங்கவிட்டால் பிறகு மடக்கவே முடியாது. அதனால் அடிக்கணுவை 70 முதல் 90 டிகிரி வரை மடக்கி, நடுக்கணுவையும் நுனிக்கணுவையும் நேராக நீட்டி, மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கட்டுவார்கள். பார்க்க விசித்திரமாக இருக்கும். நாமாக விட்டால் வலிக்கிற கையை நேர் எதிராகத்தான் வைத்துக்கொள்வோம், அடிக்கணு நீண்டும் மற்ற இரண்டும் வளைந்தும். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

நடுக்கணுவை ஏன் நீட்டி வைக்க வேண்டும்? இங்கேதான் என் கதை.

நடுக்கணு கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், வேறெதுவும் தெரியாது. கீழ் எலும்பின் நுனியில் இரண்டு சிறு மேடுகளும் நடுவில் ஒரு பள்ளமும் உண்டு. மேல் எலும்பின் அடியில் அதற்கேற்ற இரண்டு குழிகளும் நடுவில் ஒரு வரப்பும் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்வதால் பக்கவாட்டில் ஆடாது. இங்கே பக்க இணைநார்கள் அடிக்கணுவில் இருப்பதுபோலத் தொய்வதும் விறைப்பதும் கிடையாது, மடக்கினாலும் நீட்டினாலும் ஏறக்குறைய ஒரே இறுக்கம்தான். உள்ளங்கைப் பக்கம் மூட்டின் தரைபோல ஒரு கெட்டியான தகடு இருக்கிறது. வோலார் பிளேட் என்பார்கள். நார்க்குருத்தெலும்பால் ஆனது. விரல் பின்பக்கமாக வளைந்துவிடாமல் தடுப்பதுதான் அதன் முக்கிய வேலை.

அந்தத் தகடு கட்டப்பட்டிருக்கும் விதம் எனக்குப் பிடித்துப்போனது. நுனிப்பக்கம் தடித்து, மேல் எலும்பின் அடியோடு உறுதியாக ஒட்டியிருக்கிறது. அடிப்பக்கமோ மெல்லியது. இரண்டு ஓரங்களில் மட்டும் வால்போல இரண்டு பட்டைகள் நீண்டு கீழ் எலும்பைப் பிடித்திருக்கின்றன, குதிரையின் கடிவாளம் மாதிரி. விரலை மடக்கினால் தகடு முழுசும் பின்னால் வழுக்கிப் போய் ஒதுங்கிக்கொள்கிறது. நீட்டினால் முன்னால் வந்து, கடிவாளம் இழுபட்டு, அதற்கு மேலே போகாதே என்று நிறுத்துகிறது. அடிக்கணுவிலும் இப்படி ஒரு தகடு உண்டு, கடிவாளம்தான் கிடையாது. அதனால்தான் அடிக்கணுவைப் பலரால் பின்பக்கமாகக் கொஞ்சம் வளைக்க முடிகிறது, நடுக்கணுவை முடிவதில்லை.

அடியில் ஒரு தரை, இரண்டு பக்கமும் இரண்டு சுவர். மூன்று பக்கப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் குறைந்தது இரண்டாவது விட்டுக்கொடுத்தால்தான் நடுக்கணு முழுசாக விலகும் என்கிறார்கள். எனக்கு இரண்டு சுவரும் தப்பிவிட்டன, தரை கிழிந்துவிட்டது. பந்து விரலைப் பின்னால் வளைத்தபோது தகடு, நுனிப்பக்கம் எலும்போடு ஒட்டியிருந்த இடத்தில் பிய்ந்திருக்கிறது. சிலருக்கு அப்படிப் பிய்யும்போது ஒரு பொட்டு எலும்பையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வருமாம். அந்தப் பொட்டு எக்ஸ்ரேயில் தெரியும். எனக்கு வெறும் தகடுதான் பிய்ந்தது. அதனால் படம் சுத்தம்.

கிழிந்தது பெரிய விஷயமில்லை, பெரும்பாலும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு நான் செய்ததுதான் தப்பு. மூட்டு வீங்கினால் உள்ளே திரவம் சேர்கிறது. விரல் பாதி மடங்கியிருக்கும்போதுதான் மூட்டுக்குள் இடம் அதிகம், வலியும் குறைவு. அதனால் விரல் தானாகவே அந்த நிலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். நானும் வலிக்கவில்லையே என்று கிரேப் பேண்டேஜைச் சுற்றி ஆறு வாரம் அப்படியே விட்டுவிட்டேன். அந்த ஆறு வாரத்தில் கடிவாளப் பட்டைகள் இரண்டும் குறுகித் தடித்துவிட்டன. விரல் பின்னால் வளையாமல் தடுக்க வேண்டியவை, இப்போது நேராக நிமிரவே விடாமல் பிடித்துக்கொண்டன. நடுக்கணு இந்த விஷயத்தில் பொல்லாத மூட்டு. வளைந்த நிலையில் கொஞ்ச நாள் விட்டாலே இறுகிக்கொள்ளும்.

இவ்வளவு சொல்லியும் விரலை அசைப்பது யார் என்று சொல்லவில்லை. விரலுக்குள் அதை மடக்கவோ நீட்டவோ ஒரு தசைகூடக் கிடையாது. முழங்கைக்குக் கீழே ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, அதே கையின் விரல்களைப் பியானோ வாசிப்பதுபோல அசைத்துப் பாருங்கள். தசை உருளுவது அங்கேதான் தெரியும். கனமான மோட்டாரைத் தூரத்தில் வைத்துவிட்டுக் கயிறு மட்டும் விரலுக்கு வருகிறது. அந்தத் தசையையெல்லாம் விரலிலேயே வைத்திருந்தால் நாம் பேனா பிடித்திருக்க முடியாது. 1543-ல் வெளிவந்த தன் உடற்கூற்று நூலில் வெசாலியஸ் தன் உருவப்படத்தை அச்சிட்டிருக்கிறார். உடம்பில் எத்தனையோ உறுப்பு இருக்க, அந்தப் படத்தில் அவர் அறுத்துக் காட்டிக்கொண்டிருப்பது ஒரு முன்கையையும் விரல்களுக்குப் போகும் தசைநாண்களையும்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

விரலை மடக்க இரண்டு கயிறு வருகிறது. மேலே ஓடுவது நடு எலும்பு வரைக்கும், ஆழத்தில் ஓடுவது நுனி எலும்பு வரைக்கும். ஆழத்தில் இருப்பது நுனிக்குப் போக வேண்டுமானால் மேலே இருப்பதைத் தாண்டியாக வேண்டும். எப்படித் தாண்டும்? மேல் கயிறு இரண்டாகப் பிளந்து வழி விடுகிறது. ஊசிக் காதில் நூல் நுழைவதுபோல ஆழக் கயிறு அதன் நடுவே புகுந்து வெளியே வருகிறது. பிளந்த இரண்டு பாதியும் அதற்கு அடியில் திரும்பச் சேர்ந்து நடு எலும்பில் ஒட்டிக்கொள்கின்றன. இதை முதல் தடவை படத்தில் பார்த்தபோது வரைந்தவர் தப்பாக வரைந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு கயிற்றையும் தனித்தனியாகப் பிரித்து உணர ஒரு வழி இருக்கிறது. உள்ளங்கையை மேலே பார்க்க மேஜையில் வையுங்கள். இன்னொரு கையால் ஆள்காட்டி, மோதிரம், சுண்டு மூன்றையும் நேராக அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுவிரலை மட்டும் மடக்குங்கள். நடுக்கணுவில் மடங்கும். இப்போது அந்த விரலின் நுனியைத் தட்டிப் பாருங்கள், பொம்மையின் தலைபோலத் தொளதொளவென்று ஆடும். உங்களால் அதை விறைக்க முடியாது. ஆழக் கயிறுகள் பெரும்பாலும் ஒரே தசையிலிருந்து பிரிந்து வருவதால், மூன்று விரலைப் பிடித்து நிறுத்தினால் நான்காவதும் நின்றுவிடுகிறது. மேல் கயிறு மட்டும் தனியாக வேலை செய்கிறது. கயிறு அறுந்ததா இல்லையா என்று பார்க்க டாக்டர்கள் செய்யும் சோதனை இதுதான்.

கயிறு மட்டும் போதாது, அதை எலும்போடு ஒட்டிப் பிடிக்க வளையம் வேண்டும். தூண்டில் கழியில் நூல் ஓடுவதற்கு வளையங்கள் இருக்குமே, அதுபோல. ஒவ்வொரு விரலிலும் ஐந்து வட்ட வளையங்களும், இடையிடையே குறுக்குமறுக்காக மூன்று மெல்லிய வளையங்களும் உண்டு. டாக்டர்கள் புல்லி என்பதைத் தமிழில் கப்பி என்று எழுதினால் கிணறு ஞாபகத்துக்கு வருகிறது, ஆனால் வேலை அதேதான். இதில் முதல் எலும்பின்மேல் இருக்கும் இரண்டாவது வளையமும், நடு எலும்பின்மேல் இருக்கும் நான்காவதும் முக்கியமானவை. அவை அறுந்தால் விரலை மடக்கும்போது கயிறு எலும்பை விட்டு விலகி, வில்லின் நாண்போல உள்ளங்கைப் பக்கம் எழும்பி நிற்கும். பாறை ஏறுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த காயம். விரல் நுனிகளால் சின்ன விளிம்பைக் கவ்வி, உடம்பின் எடை முழுவதையும் அதில் தொங்கவிடும்போது அந்த இரண்டாவது வளையம்தான் தாங்குகிறது. அறுந்தால் சத்தமே கேட்குமாம்.

முதல் வளையத்தின் தொந்தரவு வேறு மாதிரி. கயிறோ வளையமோ தடித்துவிட்டால், மடக்கிய விரல் நீளாமல் சிக்கி, பிறகு துப்பாக்கி விசைபோல டக்கென்று விடுபடும். சிக்கல் இருப்பது உள்ளங்கையில், அடிக்கணு பக்கம். ஆனால் நடுக்கணுவில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், ஏனென்றால் டக்கென்று அசைவது அங்கேதான் தெரிகிறது.

அப்புறம், நீட்டுகிற பக்கம். மடக்குவதற்குத் தடித்த கயிறு என்றால் நீட்டுவதற்கு வெறும் பட்டை. அதுவும் மெல்லியது. அடிக்கணுவின்மேல் கயிறு நடுவை விட்டு நழுவாமல் இரு பக்கமும் இறங்கும் நார்கள் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. அதைத் தாண்டியதும் பட்டை மூன்றாகப் பிரிகிறது. நடுக்கிளை நடு எலும்பின் அடியில் முடிகிறது. பக்கக் கிளைகள் இரண்டும் நடுக்கணுவின் தோள்களைத் தொட்டுக்கொண்டு போய், கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து நுனி எலும்பில் ஒட்டுகின்றன. கைக்குள்ளேயே பிறக்கும் சின்னத் தசைகளும் இந்தப் பக்கக் கிளைகளில் வந்து சேர்கின்றன. அவற்றில் புழுபோல மெலிந்த நான்கு தசைகள் ஓர் அதிசயம். வழக்கமாகத் தசை எலும்பில் தொடங்கி எலும்பில் முடியும். இவையோ ஆழக் கயிற்றில் தொடங்கி நீட்டும் பட்டையில் முடிகின்றன. எலும்பைத் தொடுவதே இல்லை. மடக்கும் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே நீட்டும் பட்டையை இழுக்கிற தசை. என் விரலைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் இந்தத் தசைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது, அவருக்கும் எனக்கும்.

இந்தப் பக்கக் காயங்களைப் பார்த்தால்தான் எல்லாம் எவ்வளவு நுணுக்கமான சமநிலையில் நிற்கிறது என்று புரிகிறது. நடுக்கிளை அறுந்தால், பக்கக் கிளைகள் இரண்டும் மெல்ல மெல்லக் கீழே சரிந்து மூட்டின் அச்சுக்கு அந்தப்புறம் போய்விடும். அதன்பிறகு நீட்ட வேண்டிய அதே பட்டை நடுக்கணுவை மடக்க ஆரம்பிக்கும், நுனிக்கணுவை மட்டும் நிமிர்த்தும். சட்டைப் பித்தான் துளையில் பித்தான் தலை நீட்டுவதுபோல, பிரிந்த பட்டைகளுக்கு நடுவே மூட்டு தலையை நீட்டிக்கொண்டு வரும். அடிபட்ட அன்று இது தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் விரல் கோணிக்கொள்ளும்.

நுனியில் பட்டை அறுந்தால் நகமுள்ள பகுதி தொங்கிவிடும். என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு மெத்தை விரிப்பின் ஓரத்தைச் செருகும்போது அப்படி ஆயிற்று. வலிகூடப் பெரிதாக இல்லையாம், நுனி மட்டும் தொங்கியது. சிகிச்சை சுலபம்: நுனிக்கணுவை நேராக வைத்து ஒரு சின்ன அச்சு (ஸ்பிளிண்ட்) மாட்டி ஆறிலிருந்து எட்டு வாரம். ஆனால் அந்த எட்டு வாரத்தில் ஒரு தடவைகூட நுனி தொங்கக் கூடாது. அச்சைக் கழற்றித் துடைக்கும்போதும் விரலை மேஜையில் பதித்தபடியேதான் கழற்ற வேண்டும். அவர் ஐந்தாவது வாரத்தில் குளிக்கும்போது ஒரு நொடி மறந்துவிட்டார். மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தார். மெல்லிய பட்டையின் அறுந்த முனைகள் ஒட்டிக்கொண்டிருந்த இடம் அந்த ஒரு நொடியில் பிரிந்துவிடும் என்று பயம்.

மோதிரவிரலைப் பற்றி இன்னொன்று. கையைக் கவிழ்த்து மேஜையில் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி, அதன் முதுகு மேஜையில் படும்படி வையுங்கள். இப்போது மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். கட்டைவிரல் எழும்பும், ஆள்காட்டி எழும்பும், சுண்டுவிரல் எழும்பும். மோதிரவிரல் மேஜையில் ஆணி அடித்ததுபோல் கிடக்கும். புறங்கையில் நீட்டும் கயிறுகளுக்கு இடையே குறுக்குப் பாலங்கள் இருக்கின்றன. நடுவிரலின் கயிற்றை மடக்கி இழுத்துவிட்டதால், பாலம் வழியாக மோதிரவிரலின் கயிறும் இழுபட்டு நின்றுவிட்டது. ஆள்காட்டிக்கும் சுண்டுவிரலுக்கும் தனியாக ஆளுக்கு ஒரு தசை கூடுதலாக உண்டு, அதனால் அவை தப்பிக்கின்றன. பக்கத்து விரலோடு இப்படிக் கட்டிப்போட்ட விரலில்தானா பந்து படவேண்டும் என்று முதலில் நொந்துகொண்டேன். பிறகு அதுவே சிகிச்சைக்கு உதவியது.

நான் விரலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் கேட்கும் கேள்வி, நெட்டி முறித்தால் மூட்டு தேய்ந்துவிடுமா என்பது. அந்தச் சத்தம் எலும்பும் எலும்பும் உரசுவதால் வருவதல்ல. மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, மூட்டுத் திரவத்தில் கரைந்திருக்கும் வாயு குமிழாகப் பிரிகிறது. குமிழ் உண்டாகும்போது சத்தமா, உடையும்போது சத்தமா என்பதில்தான் சண்டை. 1947-ல் உண்டாகும்போது என்று ஒரு கட்சி, 1971-ல் உடையும்போது என்று எதிர்க்கட்சி. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்ஆர்ஐ கருவிக்குள் விரலை இழுத்துப் படம் பிடித்து, உண்டாகும்போதுதான் என்றார்கள். 2018-ல் கணித மாதிரி ஒன்று போட்டு, குமிழ் பாதி சுருங்குவதே சத்தத்துக்குப் போதும் என்றார்கள். வாயு திரும்பக் கரைய ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும், அதனால்தான் உடனே இரண்டாவது தடவை சத்தம் வராது. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர் 50 வருடம் போல இடது கையை மட்டும் நெட்டி முறித்து, வலது கையைச் சும்மா விட்டு, இரண்டிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-ல் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதினார். 2009-ல் அவருக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்கான இக் நோபல் பரிசைக் கொடுத்தார்கள். ஒரே ஆள், இரண்டே கை. இதை ஆதாரம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பொறுமை எனக்கு வராது.

தேய்மானம் என்பது வேறு. எலும்பின் முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மூட்டுத் திரவத்திலிருந்துதான் ஊட்டம் எடுத்துக்கொள்கிறது. அது தேயும்போது ஓரங்களில் எலும்பு வளர்ந்து முடிச்சாகிறது. நுனிக்கணுவில் வந்தால் ஹெபர்டன் முடிச்சு, நடுக்கணுவில் வந்தால் புஷார் முடிச்சு. வயதானவர்களின் விரலில் கவனித்திருப்பீர்கள். முடக்குவாதம் அப்படியில்லை. அது மூட்டின் உள்ளுறையைத் தாக்குகிறது, பெரும்பாலும் அடிக்கணுவையும் நடுக்கணுவையும் பிடித்து நுனிக்கணுவை விட்டுவிடுகிறது. எந்தக் கணு வீங்கியிருக்கிறது என்று பார்த்தே பாதி ஊகித்துவிடலாம் என்கிறார்கள். ஊகிக்க வேண்டியது டாக்டர், நாமில்லை.

கட்டைவிரலைத் தொடாமல் போகிறேன். குதிரைச் சேணம்போல அமர்ந்த அந்த அடிமூட்டுக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

என் சிகிச்சை இழுத்துப் பிடிக்கிற வேலையாக இல்லை. நான் அப்படித்தான் எதிர்பார்த்திருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்த்திவிடுவார்கள் என்று. பகலில் மோதிரவிரலை நடுவிரலோடு சேர்த்து, கணுக்களை விட்டுவிட்டு, இரண்டு பட்டி ஒட்டிவிட்டார்கள். நடுவிரல் மடங்கும்போது இதுவும் மடங்கும், நீளும்போது இதுவும் நீளும். இரவில் விரலை மெல்ல நிமிர்த்திப் பிடிக்கும் அச்சு. வலிக்கிற அளவுக்கு இல்லை, இழுபடுவது தெரிகிற அளவுக்கு மட்டும். சுருங்கிய நார் ஒரேயடியாக இழுத்தால் கிழியும், மறுபடி வீங்கும், மறுபடி சுருங்கும். லேசாக, ஆனால் மணிக்கணக்கில் இழுத்து வைத்தால் நீள வளரும். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சி ஒன்றுதான்: முதல் எலும்பை இன்னொரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நடுக்கணுவை மட்டும் பத்து தடவை மடக்கி நீட்ட வேண்டும், ஒரு நாளைக்குப் பல தடவை. பிடிக்காமல் செய்தால் அடிக்கணுவே எல்லா வேலையையும் செய்துவிட்டு, நாம் பயிற்சி செய்துவிட்டதாக நம்மை ஏமாற்றிவிடும்.

முதல் நாள் கோணமானியை வைத்து அளந்தபோது நேராக நிமிர 38 டிகிரி குறைவு. வீட்டில் கோணமானி இல்லை. அதனால் நானாக ஓர் அளவு வைத்துக்கொண்டேன். உள்ளங்கையை மேஜையில் அழுத்தி வைத்து, நடுக்கணுவுக்கு அடியில் என்னென்ன போகிறது என்று பார்ப்பேன். ஆரம்பத்தில் மார்க்கர் பேனா போனது. நான்காவது மாதம் மார்க்கர் நின்றுவிட்டது, பென்சில் போனது. அப்புறம் பென்சிலும் நின்றது.

இப்போது பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில்லில் இருக்கிறேன். இரவு அச்சைக் கழற்றிய கையோடு காலையில் வைத்துப் பார்த்தால் ரீஃபில் கணுவில் தட்டி நின்றுவிடுகிறது. சாயங்காலம் வைத்தால் உள்ளே போய்விடுகிறது.